ஒரே குத்து அக்காவும் ஏழு கப் காபியும்

காலை ஆறே முக்காலுக்கு முதல் ஆளின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது அவள் வயிற்றில் மூன்றாவது கப் காபி இறங்கியிருக்கும். முதல் கப் வீட்டில், அடுப்படியில் நின்றபடி. இரண்டாவது, செருப்பை மாட்டுவதற்கு முன். மூன்றாவது, ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பச்சைத் திரைக்குப் பின்னால், கைப்பையிலிருந்து எடுத்த ஃபிளாஸ்கின் மூடியில் ஊற்றி. திரைக்கு இந்தப் பக்கம் பதினைந்து இருபது பேர், முந்தைய நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் பல்லில் படாமல் உட்கார்ந்திருப்பார்கள். மூடி திறந்ததும் வாசனை திரையைத் தாண்டி வரும். வரிசை மொத்தமும் ஒருமுறை மூக்கைத் தூக்கும்.

“இது அநியாயம்மா. நாங்க இங்க காய்ஞ்சு கிடக்கோம், நீங்க உள்ள மணக்க மணக்கக் குடிக்கிறீங்க” என்பார் யாராவது ஒருவர்.

“நான் குடிச்சாத்தான் உங்களுக்கு வலிக்காது. மெஷினுக்கு எண்ணெய் போடுறேன், பேசாம இருங்க” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அவளை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உடன் வேலை செய்கிறவர்களுக்கு அக்கா. வருகிறவர்களுக்கு ‘ஒரே குத்து அக்கா’. இரண்டாவது தடவை குத்துகிற பேச்சே அவளிடம் இல்லை என்பதால் வந்த பட்டம். வயது ஐம்பத்தாறு. குள்ளம், அதனால் அவளுடைய நாற்காலியை மட்டும் நாலு அங்குலம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடமாக இதே வேலை. வாசலில் மாட்டியிருக்கும் விளம்பரப் பலகையில் புன்னகையோடு ஒரு கையை நீட்டிக்கொண்டிருப்பதும் அவள்தான். அந்தப் படம் எடுத்தபோது தலையில் ஒரு நரைகூட இல்லை.

நரம்புகளை அவள் ஆட்களாகத்தான் பார்ப்பாள். கண்ணால் தேட மாட்டாள். இடது ஆட்காட்டி விரலால் முழங்கை மடிப்பை இரண்டு தரம் அழுத்துவாள். “இவன் கூச்சக்காரன், கூப்பிட்டாத்தான் வருவான்” என்பாள். சிலருக்கு, “இவன் ஓடுகாலி, பிடிச்சு வச்சுக்கணும்.” நல்ல நரம்பாக இருந்தால், “ராஜா மாதிரி வாசல்லயே உக்காந்திருக்கான் பாருங்க.” அதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். பயந்தவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பாள்: “வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன சாப்பிடுவீங்க?” அவர்கள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

காபியை அவள் ஒரு பழக்கமாக நினைத்ததே கிடையாது. அது அவளுடைய உடம்பின் ஓர் உறுப்பு. இருபத்திரண்டு வயதில், பயிற்சி விடுதியில், தோழிகளோடு பந்தயம் கட்டி ஒரே நாளில் ஒன்பது கப் குடித்தாள். ஒன்பதாவது கப்பைக் கீழே வைத்த கையோடு போர்வையை இழுத்து மூடித் தூங்கியும் போனாள். தோற்றவள் மூன்று நாள் அவள் துணிகளைத் துவைத்துப் போட்டாள். மகள் வயிற்றில் இருந்தபோது டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னதற்கு நாலாகக் குறைத்துக்கொண்டு, அதையே உலகத்தில் யாரும் செய்யாத தியாகமாக வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பதுகளில் ஆறு. நாற்பதுகளில் ஏழு. பாலைக் காட்டிவிட்டு எடுத்தாற்போன்ற நிறத்தில், வாய் வெந்துபோகிற சூட்டில்.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். நாற்பத்தொன்பதாவது வயதில் அவருக்குக் காபி ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. நெஞ்செரிச்சல், படபடப்பு. ஒருநாள் சத்தமில்லாமல் கப்பைத் தள்ளி வைத்துவிட்டு வெந்நீருக்கு மாறினார். அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் ‘வெந்நீர் வாத்தியார்’ என்று பெயர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ காபித் தட்டை நீட்ட, அவர் வேண்டாம் என்று கையசைத்தார். பந்தியே கேட்கிற குரலில் அவள் சொன்னாள்: “அவருக்கு வேணாம். ஒரு வாய் குடிச்சாப் போதும், கோழிக்குஞ்சு மாதிரி நெஞ்சு அடிச்சுக்கும். காபி தாங்காத உடம்பெல்லாம் ஒரு உடம்பா?” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஏழு வருடத்தில் இந்தக் கதையை அவள் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஐம்பத்து மூன்றில் முதலில் கைவிட்டது தூக்கம். சாயங்காலக் காபிக்குப் பிறகு படுத்தால் கண் மூடியிருக்கும், மனசு விழித்திருக்கும். தலையணையைக் குறை சொன்னாள். புதுத் தலையணை வந்தது. மின்விசிறியைக் குறை சொன்னாள். தூக்கமில்லாத உடம்பு காலையில் எழ மறுத்ததால் முதல் கப்பைப் பெரிய கப்பாக்கிக்கொண்டாள். அப்புறம் மாடிப்படி ஏறாமலே நெஞ்சு திடுக் திடுக்கென்றது. மாதவிலக்கு நின்ற பிறகு எல்லாருக்கும் இப்படித்தான் என்று தானே மருத்துவம் சொல்லிக்கொண்டாள். கடைசியாக வந்தது விரல் நுனிக்கு. பேனா பிடித்தால் எழுத்தின் வால் கோணியது. ரத்தக் குப்பியில் லேபிள் ஒட்டினால் ஒரு பக்கம் ஏறி ஒட்டியது. ஏ.சி. அதிகமாக இருக்கிறது என்றாள். இந்தத் தடவை வந்த ஊசிப் பெட்டியே மட்டம் என்றாள். ஊரில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழி போட்டாயிற்று. காபியின் மேல் மட்டும் போடவில்லை. போட்டால் அடுத்த பழி வயதின் மேல் விழும். அதற்கு அவள் தயாராக இல்லை.

கோணல் லேபிள்களைச் சொல்லாமல் கொள்ளாமல் பிய்த்து நேராக ஒட்டி வைத்தவள் பக்கத்து நாற்காலிக்காரி. முப்பது வயது, சோடாபுட்டிக் கண்ணாடி, அதனால் பேரே கண்ணாடி. வேறொரு இடத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிகம் பேச மாட்டாள். அக்காவின் ஃபிளாஸ்கில் பத்து மணிக்கு அரை மூடி காபி வாங்கிக் குடிப்பாள். இருவருக்கும் நடுவிலிருந்த பிரியத்தின் அளவு அந்த அரை மூடி.

வருகிறவர்களில் ஒரு தபால்காரர் உண்டு. ஓய்வு பெற்றவர், எழுபத்து மூன்று வயது. இதயத்தில் ஏதோ அறுவை சிகிச்சை செய்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்து அளவு பார்த்தாக வேண்டும். எட்டுப் பேரைத் தனக்கு முன்னால் விட்டாவது அக்காவின் நாற்காலிக்கே வந்து சேருவார். “சரியான முகவரிக்கு வந்துட்டேன்” என்று சட்டைக் கையை மடிப்பார். அவருடைய தோல் வெங்காயச் சருகு. சும்மா தட்டினாலே கன்றிப்போகும். அந்தத் தோலில் ஐந்து வருடமாக அவள் கடுகளவு புள்ளிக்கு மேல் வைத்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். அக்கா மொத்தமே மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தாள். ஒன்பதரைக்குள் ஐந்து கப் ஆகியிருந்தது. தபால்காரர் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் பட்டையைக் கட்டினாள், விரலால் அழுத்தினாள், “இருக்கான்” என்றாள். ஊசியை எடுத்ததும் அதன் நுனி தன் இஷ்டத்துக்குச் சின்னதாக ஒரு வட்டம் போட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். ரத்தம் வரவில்லை.

“இன்னைக்கு ஓடிட்டான்” என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

“ஓடட்டும் ஓடட்டும், வயசான காலத்துல அவனாவது ஓடட்டும்” என்றார் தபால்காரர்.

இரண்டாவது தடவை தோலுக்குள் ஊசியைத் திருப்பித் தேடினாள். தேடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தபால்காரர் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவை குத்தியபோது மடிப்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீங்கத் தொடங்கியது. அவள் ஊசியை உருவினாள்.

“இந்த ஊசிங்க சரியில்ல” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். “கண்ணு, ஐயாவுக்கு அந்தக் கையில நீ எடுத்துரு.”

கண்ணாடி எழுந்து வந்து இடது கையில் எடுத்தாள். ஒரே குத்து. குப்பியில் லேபிளை ஒட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். ரத்தம் எடுத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஐந்து நிமிஷமாவது நாமே பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியாதா? ஆனால் அவர் முகத்துக்கு நேரே ஐந்து நிமிஷம் நிற்க அவளால் முடியவில்லை. வலது கையில் பஞ்சை வைத்து, “மடக்கிப் பிடிச்சுக்கோங்க ஐயா” என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். அங்கே போய் ஆறாவது கப்பை ஊற்றிக் குடித்தாள்.

வியாழக்கிழமை தபால்காரரின் மகள் வந்தாள். கையிலிருந்த ஃபோனை மேனேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் ஒரு வலது கை, முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கத்திரிக்காய் நிறத்தில் கிடந்தது.

“இது மனுஷன் கையா, என்னன்னு நீங்களே சொல்லுங்க. அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு குத்திக் குத்திப் பாத்துச்சாம். அப்பாவே சொன்னாரு. அஞ்சு வருஷமா இந்த அக்காகிட்ட வர்றாரு, ஒரு நாள் இப்படி ஆனதுண்டா?”

மேனேஜர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியின் கையெழுத்து இருந்தது. அவர் நிமிர்ந்தார்.

“நான் எடுத்தது இடது…” என்று தொடங்கிய கண்ணாடி அக்காவைப் பார்த்தாள். அதற்கு மேல் பேசவில்லை. அந்த அறையில் எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள், அவள்தான் மூத்தவள் என்பதால். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூடப் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். அவள் திறந்தாள்.

“இனிமே அப்பாவை எங்கிட்டயே அனுப்பும்மா. நான் பாத்துக்கறேன்.”

மகளின் முகம் தணிந்தது. “உங்களை நம்பித்தாங்க்கா வர்றோம்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே கண்ணாடியை ஊசி வேலையிலிருந்து எடுத்து கவுன்டரில் உட்கார வைத்தார்கள். ஒரு மாசத்துக்கு லேபிள் ஒட்டுவதும் டோக்கன் கொடுப்பதும் அவள் வேலை. மறுநாள் பத்து மணிக்கு அக்கா வழக்கம்போல அரை மூடி காபியை கவுன்டருக்கு எடுத்துப் போனாள். “வேணாம் அக்கா” என்றாள் கண்ணாடி, பார்வையை லேபிளிலிருந்து எடுக்காமல். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள்.

வந்தவர்கள் வேறு சும்மா இருக்கவில்லை. விஷயம் எப்படியோ வரிசைக்குள் பரவியிருந்தது. “அந்தக் கண்ணாடிப் பொண்ணு இல்லல்ல? நல்லவேளை” என்று கையை நீட்டுவார்கள். கவுன்டர் ஆறடி தள்ளித்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அக்காவின் காது மடல் சுட்டது. “கையைத் தளர்த்துங்க” என்பதைத் தவிர அவள் யாரிடமும் எதுவும் பேசாமலானாள். நரம்புகளுக்குப் பெயர் வைப்பதும் நின்றுபோயிற்று. விரல் பிடிவாதமாக நடுங்கியது. கனமான நரம்புள்ளவர்களாகப் பார்த்துத் தன் பக்கம் கூப்பிட்டு, மற்றவர்களை அடுத்த நாற்காலிக்கு அனுப்பினாள். அதுவும் ஒரு திருட்டுதான் என்று அவளுக்கே தோன்றியது.

மூன்றாம் நாள், அதே கட்டடத்தின் மேல் மாடியில் உட்காரும் டாக்டரம்மாவிடம் போனாள். தெரிந்தவர்தான். நெஞ்சைப் பார்த்தார், தைராய்டு பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“காபி எத்தனை குடிக்கிறீங்க?”

“நாலு.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஏழு” என்றாள் அக்கா.

“இருபது வயசுல நீங்க குடிச்ச காபியை உடம்பு சுறுசுறுப்பா வெளிய தள்ளிரும். இப்ப நிதானமாத்தான் தள்ளும். காலையில குடிச்சது கிளம்பறதுக்குள்ள அடுத்தது வந்து உக்காந்துருது. அப்புறம் நரம்பு, தூக்கம் எல்லாமே முன்ன மாதிரி தாங்காது. ஒரேயடியா விட்டுறாதீங்க, தலை பிளந்துரும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க.”

“அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா?”

“வேற என்ன இருக்கணும்?”

படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஏதாவது பெரிய வியாதியாக இருந்திருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். மேனேஜரிடம் சொல்லலாம், கண்ணாடிகூட இரக்கப்பட்டிருப்பாள். ஒரு கௌரவமான வியாதிகூட இல்லை. காபி. கோழிக்குஞ்சு நெஞ்சு.

வீட்டில் ஓவிய வாத்தியாரிடம் சொன்னாள். காபியைப் பற்றி மட்டும் சொன்னாள், கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கேலி செய்வார் என்று முதுகை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஏழு வருடத்துக் கணக்கு இருக்கிறதே, ஒன்றாவது திருப்பித் தருவார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பில் தண்ணீர் வைத்தார். இரண்டு கப் எடுத்தார்.

“முதல் வாரம் தலைவலி இருக்கும். அப்புறம் பழகிரும்.”

“ஏங்க, அந்தக் கல்யாணத்துல எல்லார் முன்னாலயும் நான் சொன்னது…”

“எந்தக் கல்யாணம்?” என்றார் அவர். எந்தக் கல்யாணம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும் என்பது அவர் திரும்பாமலே கேட்டதில் தெரிந்தது. அவள் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தாள். வெறும் வெந்நீரில் இவ்வளவு கசப்பு இருக்க முடியாது.

ஏழாம் நாள் மத்தியானம் வேலை முடிந்ததும் தபால்காரரின் வீட்டுக்குப் போனாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவரே கதவைத் திறந்து, “அட, என் முகவரிக்கு நீ வந்திருக்கியா!” என்று சந்தோஷப்பட்டார். கை இப்போது மஞ்சளும் பச்சையுமாக ஆகியிருந்தது. அவள் அதைத் தன் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். வார்த்தை கோர்வையாக வரவில்லை. “மன்னிச்சிருங்க ஐயா” என்பது மட்டும் வந்தது.

“விடும்மா. இதுக்குப் போய்.”

“உங்க மக வந்து… கண்ணாடி குத்தினதா…”

“நான்தான் அப்படிச் சொன்னேன். அவ ஆடு ஆடுன்னு ஆடினா, யாரு குத்துனது யாரு குத்துனதுன்னு. அஞ்சு வருஷமா உன் கையில ஒரு வலி கண்டதில்ல நான். உன் பேரை எதுக்கு இழுக்கணும்? கண்ணாடி போட்ட புதுப் பொண்ணுன்னு சொல்லி வச்சேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

அக்கா அவர் கையை விடாமல் நின்றாள். இந்த மனிதர் வலியையும் பொறுத்து, அவளுக்காக ஒரு பொய்யையும் சுமந்திருக்கிறார். அந்தப் பொய்யைத்தான் அவள் அன்றைக்குக் கூச்சமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணை கவுன்டர்ல உக்கார வச்சுட்டாங்க ஐயா. ஊசியைத் தொடக்கூடாதுன்னு.”

தபால்காரரின் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல இறங்கிற்று. “அது எனக்குத் தெரியாதே” என்றார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “எனக்குத் தெரியாதேம்மா. அவதானே ஒரே குத்துல எடுத்தா.”

கை ஏன் நடுங்கியது என்று அவர் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். ஏழு கப், தூக்கம், டாக்டரம்மா, எல்லாம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நான் எத்தனை குடிச்சிருப்பேன் தெரியுமா? கடிதம் கொடுக்கப் போற வீட்டுல எல்லாம் ஒரு கப். பத்துக்கு மேல போகும் சில நாள். இப்ப உடம்பு ஒவ்வொண்ணாத் திருப்பி அனுப்புது. ‘பெறுநர் ஏற்க மறுத்துவிட்டார்’னு எழுதி. நாம திரும்பி வாங்கிக்கத்தான் வேணும், வேற வழி?”

அவளும் சிரித்தாள். சிரித்த பிறகு இன்னும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. காலையில் மேனேஜரின் கதவு வரைக்கும் போய், குப்பிகள் குறைவாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மறுநாள், ஒன்பதாவது நாள், வரிசை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து கவுன்டருக்கு வந்து மேனேஜரைக் கூப்பிட்டாள். அறைக்குள் போய்ச் சொன்னால் அறைக்குள்ளேயே முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“தபால்காரர் ஐயா கையில மூணு தடவை குத்தினது நான். இந்தப் பொண்ணு இல்ல. இவ எடுத்தது இடது கையில, ஒரே தடவைல. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். சொல்லல.”

டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, இதை ஏன் இப்ப… உள்ள வாங்க, பேசிக்கலாம். வாசல்ல உங்க படம்தான் மாட்டியிருக்கு.”

“அதைக் கழட்டிருங்க” என்றாள் அக்கா. கவுன்டரிலிருந்த ஃபோனை அவரிடம் நீட்டித் தபால்காரரின் மகளைக் கூப்பிடச் சொன்னாள். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். அதே வார்த்தைகளை மறுபடி சொன்னாள்.

“நீங்களா?” என்றாள் மகள். பிறகு, “அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சும்மா.”

“வெக்கப்பட்டு இன்னொருத்தியை மாட்டி விட்டுட்டீங்களா? நான் உங்க கையைப் பிடிச்சுட்டுப் போனேனே!”

ஃபோன் துண்டிக்கப்பட்டது. வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். கவுன்டருக்குப் பின்னால் கண்ணாடி லேபிள் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அக்காவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மன்னிப்பாள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தாள் என்பதும் உண்மைதான்.

“எங்க வீட்டுக்காரரு கேட்டாருக்கா, உனக்கு என்ன, கை நடுங்குதான்னு” என்றாள் கண்ணாடி. “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நான் அன்னைக்கு உங்க பேரைச் சொல்லாததை மரியாதைன்னு நினைச்சுக்காதீங்க. பயம். நான் சொன்னா யாரு நம்புவா? ஒன்பது நாளும் நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். அஞ்சாவது நாளோட விட்டுட்டேன்.”

அக்கா தலையை ஆட்டினாள். கண்ணாடி தன் டப்பாவைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எழுந்து வேறு மேசைக்குப் போகவில்லை. அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கண்ணாடி ஊசிக்குத் திரும்பினாள். கவுன்டரை அக்கா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “நீங்க லேபிள் ஒட்டறதா? ஜனங்க என்ன நினைப்பாங்க?” என்றார் மேனேஜர். “ஜனங்க முன்னாடிதானே சொன்னேன், நினைச்சு முடிச்சிருப்பாங்க” என்றாள்.

ஏழு கப் ஐந்தாயிற்று, மூன்றாயிற்று. இரண்டாவது வாரம் தலைவலியில் டோக்கன் எண்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டு வசவு வாங்கினாள். ஒரு நாள் சாயங்காலம் யாரும் பார்க்காதபோது கள்ளத்தனமாக ஒரு கப் குடித்துவிட்டு, மறுநாள் காலை கணவரிடம் தானே ஒப்புக்கொண்டாள். இப்போது ஒரே ஒரு கப், காலையில், அதுவும் பாதிக்கு மேல் பால். இருபத்திரண்டு வயதில் அவளாக இருந்த அந்தப் பந்தயக்காரி பார்த்தால் இதைக் காபி என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். மத்தியானம் சாப்பிட்டால் கண் சொக்குகிறது. படுத்தால் தூக்கம் வருகிறது. லேபிள்கள் நேராக ஒட்டத் தொடங்கின. அதைக் கவனித்தவள் அவள் மட்டும் இல்லை.

அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்தார். உடன் மகளும் வந்தாள். மகள் அக்காவைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. டோக்கனை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். தபால்காரர் நேரே கண்ணாடியிடம் போனார். “உன்கிட்டத்தாம்மா முதல்ல மன்னிப்புக் கேக்கணும்” என்று கை கூப்பினார். கண்ணாடி அவரை உட்கார வைத்தாள். அவர் வலது கையை நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கவுன்டர் பக்கம் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காத. நீ நல்லாத்தான் எடுக்கற. ஆனா அவ ஒரு தடவை எடுத்தாத்தான் எனக்கும் ஆறும், அவளுக்கும் ஆறும்.”

“அப்பா!” என்றாள் மகள்.

கண்ணாடி ஒரு கணம் யோசித்தாள். ஊசியை உறையோடு தட்டில் வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். “அக்கா, வாங்க.”

அக்கா வந்தாள். கையைக் கழுவிக்கொண்டாள். உட்கார்ந்ததும் தட்டிலிருந்த ஊசியை எடுக்கவில்லை. தபால்காரருக்கு முன்னால், மகளுக்கு முன்னால், விளக்கு நேராக விழுகிற இடத்தில், தன் இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே நீட்டி, பத்து விரல்களையும் விரித்துப் பிடித்தாள். எடுக்கலாமா வேண்டாமா என்று கண்ணாடி குனிந்து பார்த்துச் சொல்கிறவரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.